முப்புடாதி கையில் பசலை

சொல்கிறேன், ஆனால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் சொல்வேன், ஏனென்றால் எங்கள் கல்லூரித் தமிழ்த்துறையை நினைத்தாலே எனக்கு ஊசிப்போன சாம்பார் வாளியைத் திறந்த மாதிரி இருக்கிறது. முதுகலை இரண்டாம் ஆண்டு வகுப்பில், வெயில் ஜன்னல் கம்பி வழியாக இறங்கிப் பெஞ்சில் படுத்துக் கிடந்த ஒரு காலையில், நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிவிட்டு இந்தப் பக்கம் திரும்புவதற்குள், முப்புடாதி என்கிற பிள்ளையின் வலது மணிக்கட்டில் பசலை வந்துவிட்டது. பழைய அகப்பாட்டுகளில் தலைவன் பிரிந்து போனால் தலைவியின் மேனியில் படருமே, பீர்க்கம்பூ நிறத்தில் ஒரு மஞ்சள், அதேதான். எத்தனையோ நூற்றாண்டாகப் பாட்டுக்குள்ளேயே கிடந்தது, அன்றைக்கு எழுந்து வெளியே வந்து, எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தியின் கையில் உட்கார்ந்துகொண்டது.

ஒருத்தரும் திடுக்கிடவில்லை. பக்கத்தில் இருந்த பிள்ளை தொட்டுப் பார்த்து, "பசலைலா இது" என்று சொல்லிவிட்டுக் குறிப்பு எழுதத் திரும்பிவிட்டாள். அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, காமாலை இல்லை, கண் வெள்ளையாக இருக்கிறது, இது தமிழ்க்காரங்க சமாச்சாரம், அங்கேயே கேட்டுக்கொள் என்று அனுப்பிவிட்டார்கள். தமிழ்த்துறையில் பசலை வராமல் வேதியியல் துறையிலா வரும் என்று கல்லூரியே சொல்லிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தது. அடுத்த வேலை என்னவென்று கேட்கிறீர்களா? அந்தப் பையன் யார் என்று கண்டுபிடிப்பதுதான், வேறென்ன!

என் பெயர் ஜெபக்கனி. அந்தத் துறையில் இலக்கணமும் கட்டுரை எழுதுவதும் என் பாடம். வருகிற பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒரு நோயோடு வரும். வயல்வெளியைப் பற்றி எழுதச் சொன்னாலும், வாந்திபேதியைப் பற்றி எழுதச் சொன்னாலும், "இன்றைய நவீன அறிவியல் உலகில்" என்றுதான் தொடங்கும். முன்னுரை, முடிவுரை, நடுவில் யாருக்காவது புகழுரை. ஒரு வரி, ஒரே ஒரு வரி நீ பார்த்ததை எழுது தாயே என்று நான் தொண்டை கிழியக் கத்துவேன். அப்படிக் கத்தினதற்கு அந்த வகுப்பில் முப்புடாதி ஒருத்திதான் பலன். அவள் எழுதினால் அதில் அவள் வீட்டு வாசம் அடிக்கும், அவள் கோபம் இருக்கும், ஒரு வார்த்தை கூடுதலாக இருக்காது.

இனி துறைத்தலைவர். முனைவர் ஆவுடைநாயகம். நெற்றியில் சந்தனம், வாயில் எப்போதும் பாக்கு, பக்கம் புரட்ட விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு நூலகத்துப் புத்தகமெல்லாம் மூலையில் மஞ்சள் பிடித்துக் கிடக்கும். அகப்பாட்டு நடத்தும்போது தலைவியின் தோளைப் பற்றி வருகிற இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்தி, கண்ணைச் சொருகி, முன்வரிசைப் பிள்ளைகளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். கருமம். அந்தச் சிரிப்புக்கு அஞ்சியே எங்கள் பிள்ளைகள் கடைசி பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்காரும்.

பசலை வந்த மறுநாள் முதல்வர் அறையில் கூட்டம். முதல்வர் வணிகவியல்காரர், பசலை என்றால் கீரையா என்று கேட்டவர். அவருக்கு ஆவுடைநாயகம் விளக்கினார், பாக்கை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டே.

"இதுல சந்தேகத்துக்கு எடமே இல்ல சார். பசலைன்னா பிரிவு. பிரிவுன்னா தலைவன். அந்தத் தலைவன் வந்தாத்தான் பசலை போகும். கட்டிப்பிடிக்க வேண்டாம், தொட வேண்டாம், எதிர்ல வந்து நின்னு நாலு வார்த்தை பேசினாப் போதும், தன்னால வடிஞ்சிரும். இதுக்கு மாறா எந்த உரைகாரனாவது ஒரு வரி எழுதியிருந்தாக் காட்டுங்க, நான் மீசையை எடுத்திருதேன்."

"அப்போ பையன் பேரைக் கேளுங்க" என்றார் முதல்வர். "சொன்னா ஹால் டிக்கெட். சொல்லலேன்னா கிடையாது. லேடீஸ் ஹாஸ்டல் வச்சு நடத்துதோம், நாளைக்கு நம்ம பேருதான் நாறும்."

அப்படித்தான் அந்தப் பிள்ளையின் கடைசிப் பருவத் தேர்வு ஹால் டிக்கெட் ஆவுடைநாயகத்தின் மேசை இழுப்பறைக்குள் போனது. பரீட்சை எழுதாவிட்டால் பட்டம் இல்லை, பட்டம் இல்லாவிட்டால் ஊரில் தாய்மாமன் ரெண்டாந்தாரமாகக் கட்டிக்கொடுக்க ஒருத்தனைப் பார்த்து வைத்திருக்கிறான், பந்தல்காரனிடம்கூடச் சொல்லிவிட்டானாம். எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்துதான் இழுப்பறையைப் பூட்டினார்கள்.

பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். விடுதி வார்டன் செல்லக்கிளி சாயங்கால வருகைப்பதிவின்போது எல்லாப் பிள்ளைகளையும் டியூப்லைட்டுக்குக் கீழே வரிசையாக நிறுத்தி, கையை நீட்டு, திருப்பு, சட்டைக் கையைச் சுருட்டு என்று சோதிக்க ஆரம்பித்தாள். மஞ்சள் பூசிக் குளித்தால் பசலையை மறைத்துவிடுவார்கள் என்று விடுதிக்குள் மஞ்சளைத் தடை செய்தாள். சமையல்காரர் ரசத்துக்கு மஞ்சள்தூள் வாங்கக் கையெழுத்து வாங்கவேண்டியிருந்தது. ஆய்வு மாணவர்கள் இரண்டு பேர் பெயிண்ட் கடையிலிருந்து வண்ண அட்டை வாங்கிவந்து அவள் கையில் வைத்து வைத்துப் பார்த்து எந்த எண் என்று குறித்துக்கொண்டார்கள், இன்னொருத்தன் சந்தையில் பீர்க்கங்கொடி வாங்கிவந்து பூவைப் பிய்த்து அவள் முழங்கை ஓரமாகப் பிடித்து, "கரெக்டா இருக்குல்ல!" என்று பூரித்தான். பேருந்து நிலையத்து அழகு நிலையத்தில் பசலை நீக்கும் பேஷியல் என்று பேனர் கட்டிவிட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே, "பொண்ணு கையைக் கொஞ்சம் வெளிச்சத்துல காட்டச் சொல்லுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள், பெற்றவர்களும் காட்டினார்கள். பொறியியல் கல்லூரிப் பயல்கள் டீக்கடையில் நின்று, அது என்னாலதாம்ல வந்துது என்று ஆளுக்கு ஆள் பெருமையடித்துக்கொண்டார்கள். ஒரு பயல் கையை ஒருத்தராவது நீட்டச் சொல்லிப் பார்த்தார்களா? ச்சீ, கேட்பானேன்.

பசலையோ வளர்ந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து தோள், பிறகு கழுத்து. அவள் நடைபாதையில் வந்தால் ஆசிரியர்கள் தேநீரை வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு ஒருத்தர் காதில் ஒருத்தர் ஏதோ சொல்லுவார்கள், சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். எல்லாம் பிள்ளை குட்டி பெற்றவர்கள்.

ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் அவள் எழுந்திருக்காமல் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வலிக்காம்மா?"

அவ்வளவுதான் கேட்டேன். பொலபொலவென்று கண்ணீர் விட்டாள். அத்தனை நாளில் எல்லாரும் யார் யார் என்றுதான் கேட்டிருக்கிறார்கள், வலிக்கிறதா என்று ஒரு நாயும் கேட்கவில்லை.

"வலிக்கலம்மா. குளுந்து கெடக்கு. என் கை மாதிரியே இல்ல."

"எப்ப வந்துச்சு? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்கவே வேண்டாம்மா. அன்னைக்குக் காலையில உங்க கிளாசுக்கு வாரதுக்கு முன்னால நோட்டீஸ் போர்டுல கருத்தரங்க அழைப்பிதழ் ஒட்டியிருந்தாங்கல்லா, அதை வாசிச்சேன். வாசிக்கும்போதே இந்தக் கை சில்லுன்னுச்சு."

அழைப்பிதழ் எனக்கும் தெரியும். மாபெரும் பன்னாட்டுக் கருத்தரங்கம், சிறப்புப் பேருரை முனைவர் ஆவுடைநாயகம், தலைப்பு 'தோழியின் தூக்கம்'. இந்த மனுசனுக்கு இப்படி ஒரு தலைப்பு எங்கிருந்து வந்தது என்று நானே நின்று பார்த்தேன்.

"அது என் கட்டுரைம்மா. லீவுல வீட்டுல அம்மா பீடி சுத்துத எடத்துல உக்காந்து எழுதினேன். எழுதி முடிச்சு உங்ககிட்டத்தான் கொண்டாரணும்னு இருந்தேன். ஐயா நடையில பாத்துட்டு, என்னது அது, கொண்டா, திருத்தித் தாரேன்னாவ. கையால எழுதின ஒரே காப்பி. அடுத்து நான் அதைப் பாத்தது அழைப்பிதழ்ல, அவுக பேருக்குக் கீழ." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நான் எந்தப் பயலையும் பிரியலம்மா. அதைத்தான் பிரிஞ்சேன்."

எழுந்து நேரே முதல்வர் அறைக்குப் போனேன். ஆவுடைநாயகமும் அங்கேதான் இருந்தார், கருத்தரங்க மதியச் சாப்பாட்டுக்கு அவியலா கூட்டா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நின்றபடியே சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல், யார் எழுதியது, யார் எடுத்தது, எப்போது கை மஞ்சளித்தது, எல்லாம். அந்த மனிதர் முகத்தில் ஒரு கோடு மாறவேண்டுமே! பல்லிடுக்கில் சிக்கிய பாக்கை நாக்கால் துழாவி எடுத்துவிட்டு நிதானமாகச் சிரித்தார்.

"ஜெபக்கனியம்மா இலக்கணம் நடத்துதாங்க, ஆனா அகப்பொருள் படிக்கல போலுக்கு. கட்டுரையைப் பிரிஞ்சா பசலை வருமா? அது எந்தத் திணை? என்ன துறை? மேற்கோள் காட்டுங்கம்மா, மேற்கோள்."

"திருடினதுக்கு மேற்கோள் எதுக்கு ஐயா?"

"திருட்டா! மாணவர் எழுதுவாங்க, ஆசிரியர் செம்மைப்படுத்துவாங்க, அது பரம்பரையா நடக்குத விஷயம். நான் எங்க ஐயாவுக்கு எத்தனை எழுதிக் குடுத்திருப்பேன்! என்கிட்ட யாரும் வந்து வலிக்கான்னு கேக்கல."

உடன் இருந்த மூத்த பேராசிரியர் ஒருத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அந்தப் பிள்ள உங்க ஆளுகளாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் கேட்டதற்குப் பதில் சொல்லவேண்டியது என் வாய் அல்ல, என் கால் செருப்பு. சிலுவை போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவளுடைய அம்மாவை வரவழைத்தார்கள். மாடத்தி, பீடித்தூள் வாசத்தோடு, இரண்டு பஸ் மாறி வந்தவள், வந்த வேகத்தில் யாரையும் எதையும் கேட்காமல் அலுவலக வாசலில் வைத்தே மகளை அறைந்தாள், அறைந்துவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"பேரைச் சொல்லிரு தாயீ. எந்தச் சாதியா இருந்தாலும் சரி, அவன் அப்பன் காலுல விழுந்தாவது கெட்டி வைக்கேன். பேரைச் சொல்லாம என்னையக் கொல்லாத."

வார்டன் செல்லக்கிளிக்கு இரக்கம் வந்துவிட்டது, அவளுக்கு வருகிற இரக்கமும் ஒரு தினுசுதான். "எட்டி, துபாய்க்குப் போனவன் எவனாவது ஒருத்தன் பேரைச் சொல்லிரு. அவனா வந்து கேக்கப் போறான்? ஹால் டிக்கெட்ட வாங்கிட்டுப் போயிட்டே இரு."

"இல்லாத ஒருத்தனுக்கு நான் எங்க போய்ப் பேரு வைக்க?" என்றாள் முப்புடாதி. கன்னத்தில் அம்மாவின் விரல் பதிந்திருந்தது, அந்த இடம் மட்டும் சிவப்பு, மற்றதெல்லாம் மஞ்சள். "என்னுதை எடுத்தவுக பேரை நான் சொன்னேன். அதை ஒருத்தரும் எழுதிக்கல."

மாடத்திக்கு அது விளங்கவில்லை. கட்டுரை என்றால் அவளுக்கு ஏதோ பள்ளிக்கூடத்துக் காகிதம். மகளுக்குக் காகிதத்தால் மேல் மஞ்சளிக்கும் என்று வாத்தியார்களே நம்பாதபோது அவள் எப்படி நம்புவாள்? கருத்தரங்கு வரைக்கும் விடுதியிலேயே மகளோடு இருந்துகொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

கருத்தரங்க நாளும் வந்தது. மலேசியாவிலிருந்து ஒருத்தர் வந்ததால் அது பன்னாட்டு. வாசலில் வாழைமரம், ஒலிபெருக்கியில் நாதஸ்வரம், உள்ளே நுழைந்தால் பன்னீர்த் தெளிப்பு, ஒவ்வொரு ஆய்வாளருக்கும் ஒரு பை, பைக்குள் ஒரு பேனா, அன்றைக்கே அச்சாகி வந்த தடித்த தொகுப்பு நூல், அதன் முதல் கட்டுரையின் தலையில் ஆவுடைநாயகத்தின் பெயரும் புகைப்படமும். எல்லாவற்றையும்விட மேடையைத்தான் சொல்லவேண்டும். மேடையின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அதில் முப்புடாதியை உட்கார வைத்திருந்தார்கள், கை தெரியவேண்டும் என்று அரைக்கை ரவிக்கையோடு, கண்காட்சிப் பொருளாக. மலேசியக்காரர் பசலையை நேரில் பார்க்க ஆசைப்பட்டாராம். உட்கார்ந்து எழுந்தால் ஹால் டிக்கெட்டைப் பற்றி யோசிக்கலாம் என்று ஆவுடைநாயகம் சொல்லியிருந்தாராம். அதற்குள் மஞ்சள் அவள் முகத்தையும் பிடித்துவிட்டது, உதடுகூட மஞ்சள். வந்தவர்கள் ஒவ்வொருத்தராக மேடையேறிக் குனிந்து பார்த்தார்கள், ஒருத்தர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார், இரண்டு பேர் பக்கத்தில் நின்று செல்பி எடுத்துக்கொண்டார்கள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கொடுத்திருந்தது நன்றியுரை. அதைத்தான் எப்போதும் பெண்களுக்கு விடுவார்கள்.

ஆவுடைநாயகம் எழுந்தார். பட்டு வேட்டி, கழுத்தில் மாலைத் தடம், முன்வரிசையில் அவர் சம்சாரம் கோமதி மஞ்சள் பட்டுப்புடவையில். கைப்பிரதியை விரித்து, விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, வாசிக்க ஆரம்பித்தார்.

"தலைவிக்குத் தூக்கம் வராத இரவுகளில் தோழியும்தான் தூங்கவில்லை. செவிலியிடம் பொய் சொன்னவள் அவள், நாய் குரைக்காமல் பார்த்துக்கொண்டவள் அவள், மழையில் வாசலில் நின்றவள் அவள். அவள் கண் சிவந்ததைப் பற்றி ஏன் ஒருத்தரும் பாடவில்லை?"

அது முப்புடாதியேதான். ஒரு வார்த்தை கூடுதல் இல்லாத அந்த நடையை நான் இருட்டில் கேட்டாலும் கண்டுபிடிப்பேன். 'நான்' என்று வருகிற இடமெல்லாம் 'யாம்' என்று மாற்றியிருந்தார், அதுதான் அவர் செம்மைப்படுத்திய லட்சணம். நாற்காலியில் இருந்த பிள்ளை நிமிர்ந்தாள். அவர் வாசிக்க வாசிக்க அவள் உதடு கூடவே அசைந்தது, ஊருக்குப் போய்த் திரும்பிய குழந்தையை வாசலில் கண்டவள் மாதிரி முகம் மலர்ந்தது, விரல் நுனியிலிருந்து மஞ்சள் வடிய ஆரம்பித்தது. முதலில் நகம் தெரிந்தது. பிறகு விரல்கள், பிறகு உள்ளங்கை, தண்ணீர் இறங்கின குளத்தில் கரை தெரிகிற மாதிரி அவளுடைய சொந்த மாநிறம் தெரிந்துகொண்டே வந்தது.

கருத்தரங்கில் யார் பேச்சைக் கேட்கிறார்கள்? ஒருத்தரும் கேட்கவில்லை. ஆனால் எல்லாரும் பார்த்தார்கள். கொட்டாவி பாதியில் நின்றது. ஹால் முழுக்க ஒரு கிசுகிசுப்பு எழுந்து பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு வந்தது. செல்லக்கிளிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஐயையோ! எதிர்ல வந்து நின்னு பேசினா வடிஞ்சிரும்னு ஐயாதானே சொன்னாவ! அப்போ... ஐயாவா?"

ஆவுடைநாயகம் தலையைத் தூக்கினார், பிள்ளையின் கையைப் பார்த்தார், வாசிப்பு நின்றது. அவர் நிறுத்தியதும் மஞ்சள் வடிவதும் மணிக்கட்டோடு நின்றது. அது இன்னும் மோசமாகிவிட்டது. முதல்வர் எழுந்து, வேர்த்த முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சார், இன்னொரு வரி வாசிங்க, பாப்போம்" என்றார். இவர் ஒரு வரி வாசித்தார். மஞ்சள் முழங்கை வரை வடிந்துவிட்டது. "இன்னொண்ணு!" என்று பின்னாலிருந்து ஒரு பயல் கத்தினான். கோமதியம்மாள் முன்வரிசையில் எழுந்து நின்றாள்.

"அதான் ஞாயித்துக்கெழமையெல்லாம் டிபார்ட்மென்ட்டு டிபார்ட்மென்ட்டுன்னு ஓடினீரா?" என்றாள். "ரெண்டு பொம்பளப் பிள்ளையப் பெத்த மனுசன்!"

"ஐயோ, நான் இல்லடி! கோமதி, சத்தியமா நான் இல்ல!" பெரிய முனைவர், செம்மல், செந்நாப்புலவர், மேடையில் நின்று காகிதத்தை விசிறி மாதிரி ஆட்டினார். "கட்டுரை! இந்தக் கட்டுரைக்குத்தான் வந்துச்சு! இது அவ எழுதினது! நான் அவகிட்ட இருந்து எடுத்தேன், அவ்வளவுதான், வேற ஒண்ணுமே கெடையாது!"

பிறகு, என் காதால் கேட்டேன், இன்றைக்கும் அந்தச் சத்தம் காதிலிருந்து போகவில்லை, ஹால் மொத்தமும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது.

"கட்டுரைதானா! சொல்லக் கூடாதா ஐயா, பயந்தே போனோம்" என்றார் முதல்வர், சிரித்துக்கொண்டே. கோமதியம்மாள் புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவளிடம் தண்ணீர் பாட்டில் வாங்கிக் குடித்தாள். மலேசியக்காரர் கைதட்டினார், எல்லாரும் சேர்ந்து தட்டினார்கள். ஒழுக்கத்தில் ஒரு குறையும் இல்லாத பேராசிரியருக்கு ஒருத்தர் ஓடிப்போய்ப் பொன்னாடை போர்த்தினார். அந்தச் சந்தோஷத்தில் வடையும் காபியும் ஹாலுக்குள்ளேயே வந்துவிட்டது; மேடையில் பத்து விரலிலும் எண்ணெயோடு மென்றுகொண்டே ஆவுடைநாயகம் இழுப்பறைச் சாவியைக் கொடுத்து ஹால் டிக்கெட்டை எடுத்துவரச் சொன்னார், பெருந்தன்மையாக.

என் மனசு ஆறவே ஆறாதது அதற்கடுத்து நடந்ததுதான். வாசலோரம் நின்றிருந்த மாடத்திக்கு ஒன்றுதான் புரிந்தது, மகள் மேல் பழி இல்லை. அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடையேறி, ஆவுடைநாயகத்தின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

"எம்பிள்ளை சுத்தம்னு நாலு பேரு முன்னால சொல்லிட்டீயளே சாமீ! நீங்க நல்லா இருக்கணும்!"

"சரி சரி, எந்திரி" என்றார் அவர், வடையை வலது கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு.

அம்மா அந்தக் காலில் கிடக்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்த முப்புடாதியின் கை, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, மறுபடியும் மஞ்சளித்தது. சொட்டுச் சொட்டாக அல்ல, ஒரே மூச்சில். இந்தத் தடவை ஒருத்தரும் குனிந்து பார்க்கவில்லை. கட்டுரைதானே!

நான் மேடையேறினேன். நன்றியுரை என்றதும் ஒருத்தரும் நிமிரவில்லை, அதற்கு எப்போதும் அப்படித்தான். ஆவுடைநாயகத்தின் முன்னால் எண்ணெய்க் கறையோடு கிடந்த கைப்பிரதியை எடுத்து, முப்புடாதியின் கையில் கொடுத்து, மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கினேன். "நீ முடி தாயீ" என்றேன். அவர் கையை நீட்டினார். நான் பார்த்த பார்வையில் நீட்டின கையை வடைப்பக்கம் கொண்டுபோய்விட்டார்.

அவர் விட்ட இடத்திலிருந்து அவள் வாசித்தாள். 'யாம்' எல்லாவற்றையும் 'நான்' ஆக்கித்தான் வாசித்தாள்.

"பாட்டில் வருகிற தோழிகளுக்குப் பெயர் கிடையாது. நான் தேடிப் பார்த்துவிட்டேன். என் அம்மா ராத்திரி முழுக்கப் பீடி சுற்றினாள், என்னைப் பகலில் படிக்க அனுப்பினாள். நான் தூங்கினேன், அவள் தூங்கவில்லை. அவள் கண் சிவந்திருக்கும், தூள் நெடியால் என்பாள். இதை எழுதும்போது அவள் எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் இதை வாசித்துக் காட்டவேண்டும்."

ஹாலில் மெல்லுகிற சத்தம்தான் கேட்டது. அவள் கடைசி வரியை முடித்துவிட்டு, தாளை மடக்காமல், மைக்கில் சொன்னாள்: "பேரைச் சொல்லு பேரைச் சொல்லுன்னு எல்லாரும் கேட்டீங்க. சொல்லுதேன். இதை எழுதினது மாடத்தி மக முப்புடாதி."

"தெரியும்லா, அதான் ஐயாவே சொல்லிட்டாங்களே" என்றார் முதல்வர், காபியை ஆற்றிக்கொண்டே. "ஹால் டிக்கெட்ட வாங்கிட்டு எறங்கும்மா."

மாடத்தி இன்னும் தரையில்தான் உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் துடைக்கவில்லை. மகள் கையில் இருந்த தாளைப் பார்த்தாள், பிறகு பொன்னாடையும் வடையுமாக உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தாள். முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"இதையாட்டி இவன் எடுத்தான்?" என்றாள்.

ஹாலில் மெல்லுவது நின்றது. முன்வரிசை மொத்தமும் வடையும் கையுமாக அதிர்ந்து எழுந்தது. கட்டுரை போனதற்கு அல்ல, துறைத்தலைவரை ஒரு பீடிக்காரி 'இவன்' என்று சொல்லிவிட்டாளே, அதற்கு.